மூடிக் கணக்கும் முறையான அளவும்

உங்கள் வீட்டில் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடம் எடுத்துப் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிருக்கு மருந்து அளப்பது பற்றியே இங்குச் சொல்லப் போகிறேன். ஆனால் அதைச் சரியாகச் செய்யும் பயிற்சி வேளாண்மைக் கல்லூரியில் மட்டுமே கிடைப்பது என்று எண்ண வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அது ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகிறது. பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்காகக் கற்று, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள். அது வயலுக்கு வந்து சேர்வதில்லை.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூருக்கு நேரடி நெல் விதைப்பு வயலைப் பார்க்கச் சென்றிருந்தேன். களைக்கொல்லி தெளித்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. வயலின் ஒரு பாதியில் நெற்பயிர் வெளிறி, வளர்ச்சி குன்றி நின்றது. மறுபாதியில் பயிர் பச்சையாக இருந்தது; ஆனால் குதிரைவாலிப் புல்லும் அதைவிடப் பச்சையாகப் பயிருக்கு மேல் தலை தூக்கி நின்றது. மருந்து ஒன்றே, நாளும் ஒன்றே. "போலி மருந்து கொடுத்துட்டான் சார்" என்பது உழவர் பெரியவரின் முடிவு.

எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். "டேங்குக்கு ஒரு மூடி சார். பாட்டில் மூடியிலேதான்" என்றார். ஒரு பாதியை அவரும் மறுபாதியைக் கூலிக்கு வந்த இளைஞரும் தெளித்திருந்தனர். மூடியைக் கழுவி வாங்கி, பையில் இருந்த 10 மி.லி. அளவு ஜாடியில் தண்ணீரைக் கொண்டு அளந்து பார்த்தேன். மூடியின் உள்ளே ஒரு வளையக் கோடு இருந்தது. அதுவரை நிரப்பினால் 8 மி.லி.; விளிம்பு வரை தளும்ப நிரப்பினால் 12 மி.லி. பெரியவர் விளிம்பு வரை ஊற்றியிருக்கிறார். இளைஞர் வளையம் வரை. இருவர் சொன்னதும் "ஒரு மூடி"தான்!

வரப்பில் நின்றுகொண்டிருந்த அவருடைய மகள் பதினோராம் வகுப்பு மாணவி. நான் ஜாடியைக் கையில் தூக்கிப் பிடித்து அளவைச் சொன்னபோது, "சார், கையிலே வைச்சுப் பார்த்தா தப்பா வரும்னு எங்க மிஸ் சொல்லுவாங்க. கீழே வைச்சுக் குனிஞ்சு பார்க்கணும்" என்றாள். முதுநிலைப் பட்டம் பெற்ற எனக்கு அது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு பலகையை வைத்து, அதன்மேல் ஜாடியை நிறுத்தி, குனிந்து மீண்டும் பார்த்தோம். அந்தப் பெண் சொன்னது சரி.

கண்மட்டமும் பிறைத்தளமும்

கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றினால் அதன் மேற்பரப்பு தட்டையாக இராது. ஓரங்களில் மேலேறி நடுவில் பள்ளமாக, பிறை போல வளைந்திருக்கும். தண்ணீர் கண்ணாடியின்மேல் ஒட்டி ஏறுவதால் இது நேர்கிறது. இதைப் பிறைத்தளம் என்பார்கள். தெளிவான நீர்மங்களுக்குப் பிறையின் அடிப்பகுதி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுவே அளவு. கண் அந்தக் கோட்டிற்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் நீர்மட்டம் உள்ளதைவிடக் கூடுதலாகவும், கீழிருந்து பார்த்தால் குறைவாகவும் தோன்றும். இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். நின்றவாறே கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு ஜாடியும் சாய்ந்திருக்கும், கண்ணும் மேலே இருக்கும். ஆக இரண்டு பிழைகள்.

பெர்மாங்கனேட்டு போன்ற அடர்ந்த நிறக் கரைசலுக்குப் பிறையின் அடி தெரியாது. அதனால் மேல் விளிம்பையே அளவாகக் கொள்வர். பள்ளியில் படித்த காலத்தில் நான் பியூரெட்டில் தொடக்க அளவை மேல் விளிம்பிலும், இறுதி அளவைக் கஷ்டப்பட்டு அடியிலும் பார்த்துக் குறித்துவிட்டு, மூன்று முறை செய்தும் விடை ஒத்துவராமல் தவித்திருக்கிறேன். எதைப் பார்த்தாலும் முதலிலும் முடிவிலும் ஒன்றையே பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். இது மருந்துக்கும் பொருந்தும். எண்ணெய் போன்று தெளிவாக உள்ள இ.சி. வகை மருந்துகளில் பிறையின் அடியைப் பார்க்கலாம். பால் போல் உள்ள எஸ்.சி. வகைகளில் அடி தெரியாது. மேல் விளிம்பைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜாடிகள் பலவற்றில் தண்ணீர் அவ்வளவாக ஒட்டாமல் ஏறக்குறையத் தட்டையாகவே நிற்கும். அதில் இந்தச் சிக்கலே இல்லை. வயலுக்குப் பிளாஸ்டிக்கே ஏற்றது. விழுந்தாலும் உடையாது.

எஸ்.சி. மருந்தில் இன்னொன்று: அதிலுள்ள நுண்துகள்கள் வைத்த இடத்தில் அடியில் படியும். புட்டியை நன்கு குலுக்காமல் ஊற்றினால் முதல் டேங்குக்கு நீர்த்த மருந்தும், கடைசி டேங்குக்குக் கெட்டியான மருந்தும் போய்ச் சேரும். அப்போது ஜாடியில் எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை.

அளவுக்கு ஏற்ற பாத்திரம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் 20 மி.லி. எடுக்கப் பிப்பெட்டும், சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கப் பியூரெட்டும், தோராயமாக அளந்தால் போதும் என்ற இடத்தில் அளவு ஜாடியும் தருகிறார்கள். ஏன் இத்தனை? பாத்திரத்தின் வாய் அகலமாக அகலமாக, மட்டத்தில் ஏற்படும் சிறு பிழையும் பெரிய கனஅளவாகிவிடும். பிப்பெட்டின் கழுத்தில் ஒரு நூலளவு தவறினாலும் ஓரிரு சொட்டுதான் கூடும் குறையும். வாளியில் ஒரு நூலளவு என்பது கால் லிட்டரைத் தாண்டலாம்.

100 மி.லி. ஜாடியில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு ஒரு கோடு இருக்கும். அதில் 8 மி.லி. அளக்கும்போது அரைக்கோடு தவறினால் நூற்றுக்கு ஆறு பங்கு பிழை. அதே அரைக்கோடு 80 மி.லி.க்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே சிறிய அளவுக்குச் சிறிய பாத்திரம். 10 மி.லி. ஜாடி ஒன்றும் 100 மி.லி. ஜாடி ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்வது நலம். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சும் நன்றாக உதவும். ஆனால் இ.சி. மருந்துகளில் உள்ள கரைப்பான், சிரிஞ்சின் ரப்பரை உப்பச் செய்துவிடும். இறுகிப் போனதும் மாற்றிவிடுங்கள்.

முன்பு இவ்வளவு தேவைப்படவில்லையே என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பியூட்டாகுளோர் 50 இ.சி. என்ற களைக்கொல்லியை ஏக்கருக்கு ஒரு லிட்டர் இட்டுப் பழகியவர்கள் நாம். அதில் பத்து மி.லி. கூடினாலும் குறைந்தாலும் நூற்றில் ஒரு பங்கு. இன்று பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்.சி. ஏக்கருக்கு 80 முதல் 100 மி.லி.தான். மெட்சல்ஃபியூரான், குளோரிமியூரான் கலந்த களைக்கொல்லித் தூளோ ஏக்கருக்கு வெறும் 8 கிராம். அதே பத்து மி.லி. பிழை இங்கே பத்தில் ஒரு பங்காகிறது. மருந்தின் அளவு சுருங்கிக்கொண்டே வர, அளக்கும் கை மட்டும் பழைய கையாகவே இருக்கிறது.

தூளை அளப்பதில் நம் பழக்கம் இன்னும் மோசம். தீப்பெட்டியாலும் தேக்கரண்டியாலும் அளக்கிறோம். தூளைத் தட்டி நிரப்பினால் ஓர் எடை, தளர நிரப்பினால் வேறோர் எடை. தூளுக்குத் தூள் அடர்த்தியும் வேறு. ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம் என்பதை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் மி.லி.யும் கிராமும் ஒன்று என்று கொள்வது தவறு. தூளை எடைதான் போட வேண்டும். மேசைமேல் வைக்கும் சிறிய மின்னணுத் தராசு போதுமானது. காற்றில்லாத இடத்தில், சமதளத்தில் வைத்து, காகிதத்தை வைத்துச் சுழியாக்கிவிட்டுத் தூளைக் கொட்டுங்கள். தராசு சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காலிக் குவளையை வைத்துச் சுழியாக்கி, ஜாடியில் அளந்த 100 மி.லி. தண்ணீரை ஊற்றுங்கள். ஏறத்தாழ 100 கிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தராசோ ஜாடியோ பொய் சொல்கிறது; வேறொரு ஜாடியால் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். மருந்துக்கு வைத்த தராசும் ஜாடியும் மீண்டும் அடுப்பங்கரைக்குப் போகவே கூடாது.

சீட்டில் உள்ள எண்

ஆய்வுக்கூடத்தில் புட்டியின்மேல் 0.1 நார்மல், 1 நார்மல் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே அமிலம்தான். ஆனால் வீரியம் பத்து மடங்கு வேறு. சீட்டைப் படிக்காமல் எடுத்தால் கணக்கெல்லாம் பாழ். மருந்துக் கடையிலும் இதே நிலைதான். பெண்டிமெத்தலின் என்ற ஒரே பெயரில் 30 இ.சி.யும் உண்டு, 38.7 சி.எஸ்.சும் உண்டு. போன ஆண்டு நினைவில் இந்த ஆண்டு ஊற்றக் கூடாது. எக்டருக்கு 1 கிலோ வீரியப் பொருள் என்று பரிந்துரை இருந்தால், 30 சதவீத மருந்தில் அதற்கு 3.3 லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். வேண்டிய வீரியப் பொருளை நூறால் பெருக்கி, சீட்டிலுள்ள சதவீதத்தால் வகுத்தால் கிடைப்பது இதுவே. ஆனால் வேறு வகைக்கு இந்தக் கணக்கை மட்டும் நம்பாமல், அந்தப் புட்டியின் சீட்டில் உங்கள் பயிருக்கு நேரே அச்சிட்டுள்ள அளவையே கைக்கொள்ளுங்கள்.

சதவீதம் என்பதிலும் ஒரு குழப்பம் அடிக்கடி காண்கிறேன். 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் என்றால் லிட்டருக்கு 2 கிராம் அல்ல, 20 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பதாயின் 4 கிலோ. திட்டக் குடுவையில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உப்பை முதலில் சிறிது நீரில் கரைத்து, பிறகு கழுத்துக் கோடு வரை நீர் சேர்த்து நிரப்புவார்கள். உளுந்துக்கு டி.ஏ.பி. தெளிக்கும் முறையும் இதேதான். முதல் நாள் மாலை சிறிது நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்தெடுத்து, பின் 200 லிட்டராக்க வேண்டும்.

கழுவிய நீரும் கணக்கில் சேர்த்தி

எடைக் குப்பியில் நிறுத்த உப்பைக் குடுவையில் கொட்டியபின், குப்பியை வாலை வடிநீரால் கழுவி அந்த நீரையும் குடுவையிலேயே சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். சுவரில் ஒட்டியிருப்பதும் நிறுத்த எடையைச் சேர்ந்ததுதான். கெட்டியான எஸ்.சி. மருந்து ஜாடியின் சுவரில் கணிசமாக ஒட்டிக்கொள்ளும். ஜாடியை மூன்று முறை நீர் விட்டு அலசி, அந்நீரை டேங்கிலேயே ஊற்றுங்கள். மருந்துப் புட்டி காலியானதும் அதையும் அவ்வாறே மும்முறை அலசி டேங்கில் சேர்த்து, பின்பு புட்டியை ஓட்டை போட்டுவிடுங்கள். யாரும் எண்ணெய் வாங்க எடுத்துக்கொண்டு போகாமல் இருக்கும்.

டேங்கைக் கழுவுவதும் இதைச் சேர்ந்ததே. 2,4-டி தெளித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்குக் கொண்டுபோனால், மிகச் சிறிய மிச்சமே இலைகளைச் சுருட்டிக் கோணலாக்கிவிடும். களைக்கொல்லிக்கு என்று தெளிப்பானைத் தனியாக வைத்துக்கொள்ள இயன்றவர்கள் அவ்வாறே செய்யவும்.

வாயால் உறிஞ்சக் கூடாது

நான் படித்தபோது பிப்பெட்டில் கரைசலை வாயால்தான் உறிஞ்சினோம். ஒருமுறை நுனி கரைசல் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டதைக் கவனியாமல் உறிஞ்சி, ஆக்சாலிக் அமிலம் வாய்க்குள் வந்துவிட்டது. நீர்த்த கரைசல், உடனே துப்பிக் கொப்பளித்தேன், அத்துடன் போயிற்று. ஆக்சாலிக் அமிலம் நஞ்சு என்பது அன்றைக்குப் பிறகு எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. இப்போது பிப்பெட்டின் தலையில் ரப்பர்க் குமிழைப் பொருத்தி உறிஞ்சச் சொல்லித் தருகிறார்கள்.

வயலில் இன்றும் அடைத்துக்கொண்ட தெளிமுனையைக் கழற்றி வாயில் வைத்து ஊதுபவர்களை நான் பார்க்கிறேன். உறிஞ்சுபவர்களும் உண்டு. டேங்கில் கலந்தது நீர்த்த மருந்துதானே என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றையும் ஒரு வாளி நீரையும் வரப்பில் வைத்துக்கொண்டால் போதும். மாற்றுத் தெளிமுனை ஒன்று சட்டைப் பையில் இருந்தால் இன்னும் நல்லது. கம்பியால் குத்தவும் கூடாது. துளை பெரிதாகி, அதுவரை செய்த கணக்கெல்லாம் மாறிவிடும். புட்டியிலிருந்து மருந்தை அளக்கும் நேரம்தான் கையில் படும் மருந்து நீர்க்காத மருந்து என்பதால், தெளிக்கும்போது போடாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்கள்கூட அளக்கும்போது கையுறை போடாமல் இருக்கக் கூடாது. தெளிக்கும்போதும் போடுவதே சரி.

மருந்து அளப்பதற்காகப் பள்ளியின் ஜாடியை இரவல் கேட்காதீர்கள். மருந்தைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம். பயிற்சி எல்லாம் தண்ணீரைக் கொண்டுதான்.

ஒரு சென்டில் ஒரு சோதனை

மருந்தைச் சரியாக அளந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. டேங்கு நீர் எத்தனை சென்டுக்கு வருகிறது என்பது தெரியவேண்டும். பியூரெட்டில் தொடக்க அளவையும் இறுதி அளவையும் குறித்து, வேறுபாட்டைக் கொண்டு செலவான கரைசலைக் காண்பார்கள் அல்லவா? அதையே தெளிப்பானுக்கும் செய்யலாம்.

33 அடி நீளமும் 13 அடி 2 அங்குல அகலமும் உள்ள இடம் ஏறக்குறைய ஒரு சென்ட். இதைக் கயிறு கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தெளிப்பானைச் சமதரையில் வைத்து வெறும் தண்ணீரை ஊற்றி, நீர்மட்டத்தைச் சுவரில் குறியுங்கள். வரப்பில் சாய்த்து வைத்துக் குறிக்க வேண்டாம். வழக்கமாக நடக்கும் வேகத்தில், வழக்கமான தெளிமுனையுடன் அந்த ஒரு சென்டைத் தெளித்து முடித்து, மீண்டும் அதே இடத்தில் வைத்து, பழைய குறிவரை நிரப்ப எத்தனை நீர் பிடிக்கிறது என்று அளந்து ஊற்றுங்கள். அதுவே உங்கள் சென்டுக்கான நீர்.

ஒரு முறையோடு விடாதீர்கள். தரம்பார்த்தலில் இரண்டு அளவீடுகள் ஒத்துவரும் வரை மீண்டும் மீண்டும் செய்யச் சொல்வார்கள். 1.9, 2.0, 2.0 லிட்டர் என வந்தால் 2 லிட்டர் என்று கொள்ளலாம். 1.6, 2.3, 2.0 என்று வந்தால் சராசரி எடுத்துத் திருப்தியடைய வேண்டாம். வாஷர் கசிகிறதா, தெளிமுனை தேய்ந்துள்ளதா, நடை சீராக இல்லையா என்று பார்க்க வேண்டும்.

சென்டுக்கு 2 லிட்டர் என்றால், 16 லிட்டர் டேங்கு 8 சென்டுக்கு வரும். ஏக்கருக்கு 100 மி.லி. மருந்து என்பது சென்டுக்கு 1 மி.லி. ஆகவே டேங்குக்கு 8 மி.லி. வேகமாக நடப்பவருக்குச் சென்டுக்கு 1.6 லிட்டர்தான் செலவாகும். அவருடைய டேங்கு 10 சென்டுக்கு வரும். அவர் 10 மி.லி. ஊற்ற வேண்டும். அதாவது டேங்குக்கு இவ்வளவு என்று கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்வது சரியாக இருக்க இயலாது.

திருவாரூர் வயலிலும் இந்தச் சோதனையைச் செய்தோம். பெரியவர் நிதானமாக நடப்பவர். அவருக்குச் சென்டுக்கு 2.5 லிட்டர் ஆயிற்று, டேங்கு 6.4 சென்டுக்கே வந்தது. அதில் 12 மி.லி. ஊற்றியதால் சென்டுக்கு ஏறக்குறைய 1.9 மி.லி. விழுந்திருக்கிறது. இளைஞர் 1.6 லிட்டர்க்காரர், 8 மி.லி. மருந்தைப் பத்து சென்டில் பரப்பியிருக்கிறார், சென்டுக்கு 0.8 மி.லி. ஒரே வயலின் ஒரு பாதிக்கு மறுபாதியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மருந்து! மருந்து போலி அல்ல என்று அப்போது தெரிந்தது. வெளிறிய பயிர் இரண்டு வாரத்தில் தேறிவிட்டது. புல் நின்ற பாதியில்தான் பெரியவர் ஆள் வைத்துக் கைக்களை எடுக்க நேர்ந்தது. கூலி மருந்தின் விலையைவிட அதிகம் என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

கணக்கையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து அந்தப் பெண்தான் செய்தாள். தன் வேதியியல் செய்முறை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் இரு பத்தி கட்டி, அப்பா, அண்ணன் என்று தலைப்பிட்டு எழுதினாள். பின்பு தெளிப்பானின் பக்கத்தில் அழியாத மையால் எழுதியும் வைத்தாள்: "அப்பா - 6.4 சென்ட். அண்ணன் - 10 சென்ட்." மருந்து மாறினாலும் இந்த இரண்டு எண்களும் மாறா; சென்டுக்கு எத்தனை மி.லி. என்று சீட்டைப் பார்த்துப் பெருக்கிக்கொண்டால் போதும். தெளிமுனையை மாற்றினால் மட்டும் மீண்டும் சோதனை செய்து, பழைய எண்ணை அழித்து எழுத வேண்டும்.